வீட்டிலேயே சாக்கோய், சீனி டோனட்: மாவை எப்போது தொடக்கூடாது?

கேள்வி இதுதான். கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் ஒரு தங்கை, அமெரிக்காவில் சீன பஃபே உணவகங்களில் வைக்கிற சீனி தூவிய குட்டி டோனட்டை வீடியோவில் பார்த்திருக்கிறார். அதில் டின்னில் அடைத்த 'பிஸ்கட் மாவை' எடுத்து அப்படியே எண்ணெயில் போட்டுப் பொரிக்கிறார்கள். அந்த டின்னைத் தேடி அலைந்து பார்த்துவிட்டு, செல்ஃப் ரைசிங் மாவு வாங்கி, சப்பாத்திக்குப் பிசைவதுபோல் நன்றாகப் பிசைந்து, மூன்று மணி நேரம் மூடி வைத்துப் பொரித்தாராம். வந்தது கல். "வெளியே கருகல், உள்ளே பச்சை மாவு, எண்ணெயை மட்டும் நன்றாகக் குடிக்கிறது. சுலபமான வழி உண்டா? அப்படியே பினாங்கில் விற்கிற சாக்கோயும் வீட்டில் வருமா? முட்டை இல்லாமல் செய்யலாமா?" என்று கேட்கிறார்.

வரும் தங்கச்சி, இரண்டுமே வரும். ஆனால் இரண்டும் ஒரே பண்டமில்லை. சாக்கோய் என்பது இரண்டிரண்டு துண்டாக ஒட்டிப் பொரிக்கிற நீளமான சீனப் பலகாரம். மாவு வேறு, பக்குவம் வேறு, எண்ணெய்ச் சூடும் வேறு. உங்களுக்கு ஏன் கல்லாக வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

அந்த டின்னில் இருப்பது நாம் காப்பியில் தோய்த்துத் தின்கிற பிஸ்கட் கிடையாது. அமெரிக்காவில் பிஸ்கட் என்றால் ஈஸ்ட் போடாத, மெத்தென்ற ஒரு குட்டி ரொட்டி. மாவில் பேக்கிங் பவுடரும் கொழுப்பும் சேர்த்து, பாலோ மோரோ விட்டு, கை பட்டதே தெரியாமல் ஒன்றுகூட்டி ஓவனில் வேகவைப்பார்கள். அதற்கும் நேரமில்லாதவர்களுக்காக அந்த மாவைப் பச்சையாகவே டின்னில் அடைத்து விற்கிறார்கள். அதைப் பொரித்துச் சீனியில் புரட்டினால் அங்கே 'சைனீஸ் டோனட்'. சீனாவில் போய்க் கேட்டால் இது எந்த ஊர்ப் பலகாரம் என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

இப்போது நீங்கள் செய்ததைப் பாருங்கள். செல்ஃப் ரைசிங் மாவில் பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்திருக்கிறது. ஈரம் பட்டதுமே அது வேலையைத் தொடங்கிவிடும். கொஞ்சம் பாத்திரத்திலேயே பொங்கும், மீதி சூட்டில் பொங்கும். நீங்கள் அழுத்தி அழுத்திப் பிசைந்ததில் முதலில் வந்த காற்று போய்விட்டது. அதோடு கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற பசைச்சத்து முறுக்கேறி ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. உள்ளே மிஞ்சியிருக்கிற கொஞ்சநஞ்சக் காற்றால் அந்த ரப்பரைத் தள்ளி விரிக்க முடியவில்லை. விரியாத கட்டி மாவுக்குள் சூடு போக நேரம் எடுக்கும். அது போய்ச் சேர்வதற்குள் வெளிப்புறம் கருகிவிடும். கருகுகிறதே என்று தீயைக் குறைத்திருப்பீர்கள், அப்போதுதான் எண்ணெய் குடித்திருக்கும். சரிதானே?

பிசைவது நமக்குக் கைவந்த கலை, அதுதான் இங்கே எதிரி. சப்பாத்தி, பூரி, ரொட்டி சானாய் என்று பிசைந்து பிசைந்து பழகிய கை, மாவைக் கண்டால் சும்மா இருக்காது. எனக்கும் அப்படித்தான். பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே ஒரு சீனப் பெரியவர் சாக்கோய் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். நாங்கள் 'அங்கிள்' என்போம். வேலைக்குப் போகும் வழியில் அவரிடம் நின்று நின்றுதான் கற்றுக்கொண்டேன். நான் பாதி மலாய், அவர் பாதி ஹொக்கியன், மீதியைக் கை பேசும். என் மாவு ஏன் வரவில்லை என்று கேட்டபோதெல்லாம் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "ஜாங்ஙான் காச்சாவ்." மலாயில் ஜாங்ஙான் என்றால் கூடாது, காச்சாவ் என்றால் கிளறுவது என்றும் பொருள், தொந்தரவு செய்வது என்றும் பொருள். அவர் எந்தப் பொருளில் சொன்னார் என்று நான் கேட்கவே இல்லை. இரண்டுமே சரியாகத்தான் இருந்தது.

மாவைப் பற்றி ஒரு வார்த்தை. மலேசியாவில் நாம் கோதுமை மாவு என்று சொல்வது வெள்ளை மாவை. தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்கள் அதை மைதா என்று எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கோதுமை மாவு என்கிறதை இங்கே ஆட்டா மாவு என்போம், அது இதற்கு ஆகாது. போன வருடம் என் நாத்தனார் சென்னையிலிருந்து போனில் கேட்டு எழுதிக்கொண்டு, முழுக்கோதுமை மாவில் சாக்கோய் போட்டுவிட்டு என்னைத் திட்டினார்.

முதலில் சுலபமானதைச் சொல்கிறேன், சீனி டோனட். கோதுமை மாவு 250 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டரைத் தேக்கரண்டி, சீனி இரண்டு மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. இவற்றை ஒன்றாகச் சலித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் மிச்சமிருக்கிற செல்ஃப் ரைசிங் மாவையே போடுவதென்றால் பேக்கிங் பவுடர் வேண்டாம், உப்பையும் பாதியாக்குங்கள். குளிர்ந்த வெண்ணெய் 30 கிராமைத் துண்டு துண்டாகப் போட்டு, மாவு உதிரி உதிரியாக வரும்வரை விரல் நுனியால் மட்டும் உரசுங்கள். உள்ளங்கை படவேண்டாம், அந்தச் சூட்டுக்கே வெண்ணெய் உருகிவிடும். அப்புறம் குளிர்ந்த பால் 150 மில்லியை ஒரே தடவையில் ஊற்றி, ஒரு கரண்டியால் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றுங்கள். மாவு சொரசொரப்பாக, அங்கங்கே திட்டுத்திட்டாக, இதைப் போய் எப்படிப் பொரிப்பது என்று தோன்றும் நிலையில் இருக்கும். அங்கேயே நிறுத்துங்கள். கை பரபரக்கும், பரவாயில்லை.

மாவு தூவிய பலகையில் கொட்டி, ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்குக் கையால் மெல்லத் தட்டுங்கள். உருட்டுக்கட்டை தேவையே இல்லை. வாய் ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள கண்ணாடித் தம்ளரை மாவில் தோய்த்து, நேராக அழுத்தி வெட்டுங்கள். தம்ளரைத் திருகாதீர்கள். திருகினால் வெட்டுவாய் மூடிக்கொள்ளும், அந்தப் பக்கம் எழும்பாது. பதினான்கு வட்டம் கிடைக்கும். நடுவில் ஓட்டை போட விரும்பினால் போடலாம், இந்த அளவுக்கு அவசியமில்லை. பதினைந்து நிமிடம் சும்மா விட்டுவிட்டுப் பொரிக்கலாம்.

எண்ணெய் 170 டிகிரி செல்சியஸ், வடைக்குக் காய்வதுபோல. சீனி சேர்ந்த மாவு சீக்கிரம் நிறம் மாறும், கனமாகவும் இருக்கிறது. அதனால் இதற்கு மேல் சூடு வேண்டாம். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். திருப்பிவிட்டால் இடுப்பில் வெள்ளையாக ஒரு பட்டை தெரியும். அது தெரிந்தால் நன்றாக எழும்பியிருக்கிறது என்று பொருள். எடுத்து ஒரு நிமிடம் ஆறவிட்டு, காஸ்டர் சீனி என்கிற நுண்மணிச் சீனியில் புரட்டுங்கள். எடுத்த உடனே புரட்டினால் சீனி உருகிப் பிசுபிசுக்கும். முழுக்க ஆறிவிட்டால் ஒட்டாது, தட்டினால் உதிரும். காஸ்டர் சீனி கிடைக்காவிட்டால் சாதாரணச் சீனியை மிக்ஸியில் இரண்டு ஓட்டு ஓட்டினால் போதும், தூளாக்கிவிடாதீர்கள். கொஞ்சம் ஏலக்காய் தட்டிப் போட்டால் அமெரிக்கக்காரனுக்கு ஆகுமோ என்னவோ, நமக்கு நன்றாக இருக்கும்.

இது அன்றைக்கே, அந்த நேரத்துக்கே தின்ன வேண்டியது. இரண்டு மணி நேரம் கழித்துச் சீனி கசிய ஆரம்பிக்கும்.

இப்போது சாக்கோய். மலாய்க்காரர்கள் சாக்கோய் என்கிறார்கள், பினாங்கு ஹொக்கியனில் இயூ சா குவே, கோலாலம்பூரில் கண்டோனீஸ் பேசுகிறவர்கள் யாவ் சா குவாய், மாண்டரினில் யோ தியாவ். ஹொக்கியன் குவே என்றால் பலகாரம், நாம் குய் என்று மலாயில் சொல்கிறோமே, அதேதான். கண்டோனீஸ் குவாய் என்றால் பேய், பிசாசு. எண்ணெயில் பொரித்த பேய் என்று ஒரு பலகாரத்துக்குப் பெயர் வரக் கதை இருக்கிறது. சோங் அரசமரபின் காலத்தில் யுவே ஃபெய் என்ற தளபதி இருந்தார். சின் ஹுய் என்ற அமைச்சர் அவர்மேல் பொய்ப்பழி சுமத்தி 1142ஆம் ஆண்டில் சாகடித்துவிட்டார். அமைச்சரின் மனைவிக்கும் அதில் பங்கு உண்டாம். அந்தப் புருஷன் பெண்டாட்டி இருவரையும் மாவில் பிடித்து, முதுகோடு முதுகாக ஒட்டி, கொதிக்கும் எண்ணெயில் போட்டு ஊர் பழிதீர்த்துக்கொண்டது என்பது கதை. ஹாங்ஜோவில் தளபதியின் சமாதிக்கு முன்னால் அந்த இருவரும் மண்டியிட்டிருக்கும் இரும்புச் சிலைகள் இன்றைக்கும் இருக்கின்றன. நாம் சூரனை வருடத்துக்கு ஒருமுறை சம்ஹாரம் செய்கிறோம். இவர்கள் தினம் காலையில், காப்பியோடு.

கதையை விடுங்கள், அந்த இரட்டைதான் சமையலில் முக்கியம். சாக்கோய் ஏன் எப்போதும் ஜோடியாக இருக்கிறது? ஒற்றை மாவுத்துண்டை எண்ணெயில் போட்டால் நாலு பக்கமும் உடனே சூடு பட்டு, தோல் இறுகி, அதற்குமேல் விரிய வழியில்லாமல் போய்விடும். இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நடுவில் மட்டும் ஒட்டினால், இரண்டுக்கும் இடைப்பட்ட பக்கத்தில் எண்ணெய் உடனே படாது. அந்த இடம் கொஞ்ச நேரம் ஈரமாகவே இருக்கும். உள்ளே பிறக்கிற ஆவியும் காற்றும் இளகிய அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தள்ள, மாவு மடமடவென்று ஊதும். உள்ளே பெரிய பெரிய ஓட்டை விழுவதும் இதனால்தான்.

அங்கிள் இதைச் செய்வதைப் பார்க்கவேண்டும். முந்தின ராத்திரியே பிசைந்து வைத்த மாவு நீளப் பாயாக எண்ணெய் தடவிய தட்டில் கிடக்கும். அதை அப்படியே மாவு தூவிய மேசைமேல் வழுக்கி இறக்குவார். தட்டவில்லை, குத்தவில்லை, இரண்டு முனையையும் பிடித்து லேசாக இழுத்து, உருட்டுக்கட்டையை ஒரே ஒரு தடவை ஓட்டுவார். அகலமான மழுங்கல் கத்தியால் டக், டக், டக் என்று இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிக்கொண்டே போவார். பார்ப்பது என்னையோ ரோட்டில் போகிற மோட்டாரையோ, கத்தியை இல்லை. ஒரு மூங்கில் குச்சியைத் தண்ணீரில் தோய்த்து, ஒன்றுவிட்டு ஒரு துண்டின் நடுமுதுகில் ஒரு கோடு இழுப்பார். பக்கத்துத் துண்டை எடுத்து அதன்மேல் கவிழ்ப்பார். மெல்லிய இரும்புக் கம்பியை நீளவாக்கில் வைத்து ஒரே அழுத்து. பிறகு இரண்டு முனையையும் பிடித்து ஒரு முழத்துக்கு இழுத்து, முதலில் நடுப்பகுதியை எண்ணெயில் தொடவிட்டு முனைகளைக் கடைசியில் விடுவார். அது முங்கும், இரண்டு நொடியில் மிதக்கும், நீளக் குச்சிகளால் உருட்டிக்கொண்டே இருப்பார். உருட்ட உருட்ட ஊதும். விரல்தடிமனில் உள்ளே போனது மணிக்கட்டுத் தடிமனில் வெளியே வரும்.

அந்தத் தண்ணீர்க் கோட்டுக்குக் காரணம் இருக்கிறது. மேல்புறத்தில் மாவு தூவியிருப்பதால் இரண்டு முதுகும் தானாக ஒட்டாது. வெட்டிய பக்கங்களில் மாவு படாததால் அவை பசையாக இருக்கும். அந்தப் பக்கங்களை விரலால் கிள்ளிவிட்டாலோ, இரண்டு துண்டின் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ வாய் அடைபட்டுப்போகும். ஒட்டவேண்டியது நடுக்கோடு மட்டும். குறைவாக அழுத்தினால் எண்ணெயில் ஜோடி பிரிந்துவிடும். நான் முதன்முதலில் போட்டபோது எட்டு ஜோடியில் ஆறு பிரிந்தது, வீட்டில் அதை விவாகரத்துச் சாக்கோய் என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

அளவு. கோதுமை மாவு 300 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, ஆப்பசோடா கால் தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, முட்டை ஒன்று, எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி, தண்ணீர் 140 மில்லி. மாவு வறண்டிருந்தால் இன்னும் பத்து மில்லி. ரொட்டிக்கென்று விற்கிற புரதம் கூடின மாவு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு அதைச் சேர்க்கலாம், ஓட்டை பெரிதாக விழும். முழுக்க அதையே போட்டால் மெல்லுவதற்குத் தாடை வலிக்கும்.

முட்டை வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், வெள்ளி செவ்வாய்க்கும் ஆகும். பழைய முறையில் முட்டையே கிடையாது. அதற்குப் பதில் தண்ணீரை 40 மில்லி கூட்டிக்கொள்ளுங்கள், நிறம் மட்டும் கொஞ்சம் வெளுத்து வரும். கடையில் வாங்கும்போது சைவம்தானா என்பது வேறு கேள்வி. மாவில் என்ன, எந்த எண்ணெய் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் கலந்து, மாவு ஒன்றாகச் சேரும்வரை இரண்டு நிமிடம் மட்டும் கைபடுங்கள். காது மடல் மாதிரி மிருதுவாக, கையில் லேசாக ஒட்டும் பதம். ஒட்டுகிறதே என்று மேலும் மாவு தூவிச் சேர்க்காதீர்கள், கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். மூடி இருபது நிமிடம் விடுங்கள். பிறகு ஓரத்தை இழுத்து நடுவில் மடித்து நாலைந்து மடிப்பு, மறுபடியும் இருபது நிமிடம், இன்னொரு தடவை மடிப்பு. போதும். இனி அது அமைதியாகத் தூங்கவேண்டும். அரைச்சாண் அகல நீளப் பட்டையாகத் தட்டி, எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் தாளில் காற்றுப் படாமல் சுற்றி, குளிர்பெட்டியில் ஓரிரவு வையுங்கள். வடிவத்தை இப்போதே கொடுத்துவிடுவதில்தான் சூட்சுமம். காலையில் எடுத்து உருட்டிப் பிசைய வேண்டி வந்தால் ஓரிரவு ஊறியதன் பலன் போச்சு, பசைச்சத்து மறுபடி முறுக்கிக்கொள்ளும்.

பேக்கிங் பவுடர் ராத்திரி முழுக்க இருந்தால் செத்துப்போகாதா என்று கேட்பீர்கள். இருமுறை வேலை செய்யும் வகை என்றால் அதன் பெரும்பகுதி சூடு பட்டபிறகுதான் பொங்கும். டப்பாவில் அப்படிப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் செல்ஃப் ரைசிங் கதைக்கும் இதற்கும் வித்தியாசம், அங்கே ஊறவைத்தது மட்டும் குற்றமில்லை, முரட்டுத்தனமாகப் பிசைந்ததுதான் பெரிய குற்றம்.

காலையில் சுற்றின தாளோடு வெளியே எடுத்து வையுங்கள். நம்மூர் வெக்கைக்கு ஒரு மணி நேரம் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாக எழவேண்டும். இழுத்தால் எதிர்க்காமல் வரவேண்டும். சுருங்கிப் பின்வாங்கினால் இன்னும் அரை மணி விடுங்கள். சில்லென்றே எண்ணெயில் போட்டால் ஊதாது.

அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான கனத்தில் விரித்து, இரண்டு விரல் அகலத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். வீட்டுக் குவாலிக்கு, அதாவது வாணலிக்கு, அங்கிளின் முழ நீளம் சரிப்படாது, ஒரு சாண் நீளத்துக்கு இழுத்தால் போதும். கம்பிக்குப் பதில் சாப்ஸ்டிக்கை உபயோகியுங்கள். அது பலகையைத் தொடுகிற மாதிரி அழுத்தவேண்டும், ஆனால் அறுக்கக்கூடாது.

எண்ணெயைப் பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டும், நம் வீட்டுச் சாக்கோய் பாதி தோற்பது இங்கேதான். இதற்கு 190 டிகிரி வேண்டும், வடை எண்ணெயைவிட நல்ல சூடு. வெப்பமானி இருந்தால் மகராசியாக உபயோகியுங்கள், பேக்கரிச் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும். இல்லையென்றால் மிளகளவு மாவைக் கிள்ளிப் போடுங்கள். அடியைத் தொட்டவுடன் மேலே வந்து சுற்றிலும் சலசலவென்று நுரைக்கவேண்டும். அடியிலேயே தங்கி யோசித்தால் சூடு போதாது. புகை வந்தால் அதிகம், அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் நில்லுங்கள். ஒரு கிலோ 2.50 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிற மானிய விலைப் பாமாயில் பாக்கெட்டே போதும். நல்ல சூட்டைத் தாங்கும், மணமும் கிடையாது. நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் வேண்டாம். குவாலியில் பாதிக்குமேல் எண்ணெய் நிற்கக்கூடாது. தண்ணீர்க் கோடு போடும்போது துளி சொட்டினால் எண்ணெயில் வெடிக்கும் என்பதால் குச்சியை உதறிவிட்டுப் போடுங்கள்.

ஒரு நேரத்தில் இரண்டு ஜோடி. கூடப் போட்டால் எண்ணெய் குளிர்ந்துவிடும். முதல் அரை நிமிடம் கையை எடுக்கவே கூடாது, உருட்டிக்கொண்டே இருக்கவேண்டும். இங்கே மட்டும் காச்சாவ் செய்யலாம். நிறுத்தினால் அடிப்பக்கம் மட்டும் தோல் இறுகி ஒருபக்கமாகக் கோணிக்கொள்ளும். மொத்தம் ஒன்றரையிலிருந்து இரண்டு நிமிடத்தில் பொன்னிறமாகிவிடும். எடுத்துக் கம்பித் தட்டில் சாய்த்து நிறுத்துங்கள். தாளில் அடுக்கினால் அதன் ஆவியிலேயே தொய்ந்துவிடும்.

கடைச் சாக்கோயின் அந்த மொறுமொறுப்பு வரவில்லையே என்று முதல் தடவை தோன்றும். பழைய முறையில் இதில் படிகாரம் போடுவார்கள். ஆமாம், திருஷ்டிக்கு வாசலில் கட்டுகிற, சலூனில் கன்னத்தில் தேய்க்கிற அதே படிகாரம். தமிழில் அதற்குச் சீனாக்காரம் என்று இன்னொரு பெயர் இருப்பது எனக்கு இதைக் கற்றுக்கொண்ட பிறகுதான் உறைத்தது. என் பாட்டி குவாலியைக் கடைசிவரை சீனச்சட்டி என்றுதான் சொன்னார். சீனச்சட்டி, சீனி, சீனாக்காரம் மூன்றும் நம் வீட்டிலேயே இருக்கும்போது பலகாரம் மட்டும் வெளியிலிருந்தா வரவேண்டும்?

படிகாரம் புளிப்புத்தன்மை உள்ளது, சோடாவோடு சேர்ந்தால் காற்றைக் கிளப்பும், தோலையும் மொறுமொறுவென்று நிறுத்தும். ஆனால் அதில் அலுமினியம் இருக்கிறது. உணவுச் சேர்க்கைகளை ஆராயும் ஐநாவின் நிபுணர் குழு 2011இல் வைத்த வரம்பு, வாரத்துக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 120 மில்லிகிராம். சின்னப் பிள்ளைக்கு அதில் கால்வாசிகூட வராது. எப்போதாவது கடையில் வாங்கித் தின்பதற்குப் பயப்படச் சொல்லவில்லை. வீட்டில் நாமே அளந்து போடுகிற வேலை வேண்டாம் என்கிறேன். ஒரு சிட்டிகை கூடினாலே நாக்கு துவர்த்துப்போகும்.

இன்னொன்று, பேக்கரிச் சாமான் கடையில் வெள்ளைத் தூளாகக் கிடைக்கும் அம்மோனியா. அம்மோனியம் பைகார்பனேட் என்று கேட்கவேண்டும். சூடு பட்டதும் முழுக்கக் காற்றாக மாறிப் பறந்துவிடும், எச்சம் வைக்காது. அதனால் சாக்கோய் கண்ணாடிபோல் நொறுங்கும். 300 கிராம் மாவுக்குக் கால் தேக்கரண்டி, ஆப்பசோடாவுக்குப் பதிலாக. ஒரு தடவை ஆசைக்கு ஒரு தேக்கரண்டி போட்டேன். எண்ணெயில் விழுந்ததும் எழுந்த வாடையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு எல்லாரும் ஐந்தடிக்கு வெளியே நின்றோம், எதிர்வீட்டு அக்கா கேஸ் கசிகிறதா என்று கேட்டுக்கொண்டு ஓடிவந்தார். செந்தூல் கொண்டோவில் ஜன்னல் இல்லாத சமையலறை என்றால் இதைத் தொடவேண்டாம். சீனி டோனட் மாதிரி கனமான பண்டத்திலும் போடக்கூடாது, வாடை உள்ளேயே தங்கிவிடும்.

ஆப்பசோடாவைக் கூட்டினால் நன்றாக எழும்பும் என்று நினைத்துக் கூட்டாதீர்கள். சோப்பு ருசி வரும், நிறமும் சட்டென்று கறுத்துவிடும். உங்கள் கருகலில் அதற்கும் பங்கு இருக்கிறதா என்று எனக்கொரு சந்தேகம், கேள்வியில் சோடா போட்டீர்களா என்று எழுதவில்லை.

எப்படித் தின்பது என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்வேன். கோப்பி ஓவில் (பால் விடாத காப்பி) தோய்த்து, சொட்டுவதற்குள் வாயில் போடுவது முதல் தரம். பிள்ளைகளுக்கு காயா என்கிற தேங்காய்ப்பால் முட்டை ஜாம். அரிசிக் கஞ்சியில் துண்டு போட்டுச் சாப்பிடுவது சீனர்கள் வழக்கம், எங்கள் வீட்டில் முந்தின நாள் மீன் கறி மிச்சமிருந்தால் அதுதான் தொட்டுக்க. அப்பா மட்டும் கெட்டிப் பருப்புக் கறி கேட்பார்.

மீந்துபோனால் தூக்கிப் போடாதீர்கள். ஓவனில் 180 டிகிரியில் நாலைந்து நிமிடம், ஏர் ஃப்ரையரில் மூன்று நிமிடம், மறுபடியும் மொறுமொறுவென்றாகும். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. தௌ சுவான் என்று தியோச்சியூ சீனர்கள் ஒரு இனிப்பு செய்வார்கள். தோல் நீக்கிய பாசிப்பருப்பைக் குழையவிடாமல் வேகவைத்து, பாண்டான் இலை போட்ட சீனிப்பாகில் சேர்த்து, மாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கி, மேலே சாக்கோய்த் துண்டுகளைத் தூவுவார்கள். பாசிப்பருப்புப் பாயசத்துக்கு ஒன்றுவிட்ட அக்கா. நீங்கள் பாயசமே வைத்து, தேங்காய்ப்பாலைக் குறைத்து, சாக்கோயைப் பரிமாறும்போது மட்டும் போடுங்கள். முன்னாலேயே போட்டால் ஊறிச் சவசவத்துவிடும்.

பொரிக்காத மாவு மிச்சமானால் குளிர்பெட்டியில் இன்னும் ஒரு நாள் தாங்கும், அதற்குமேல் சாம்பல் நிறம் தட்டும். ஜோடி சேர்த்து அழுத்தி வைத்துவிட்டு மறுநாள் பொரிக்கலாமா என்றால் கூடாது, இரண்டும் முழுக்க ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகிவிடும். பாயாகவே வைத்திருந்து, எண்ணெய் காய்ந்த பிறகு வெட்டுங்கள்.